ஆத்தங்குடியிலிருந்து நகோயாவுக்கு: ஒரு வருஷம் ஜப்பானில் படித்துவிட்டு வருவது எப்படி

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது கல்லூரியில் சேர்ந்தால் போதும், அம்மாவைப் பிடித்து ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "உங்க வள்ளி ஜப்பானுக்குப் போச்சே, அது எப்படி, எம்புட்டுச் செலவாச்சு?" அம்மா "அதுகிட்டயே கேளுங்க" என்று தள்ளிவிடுவாள். திண்ணையில் உட்கார்ந்து ஒரே கதையை ஏழெட்டுத் தடவை சொல்லியாயிற்று. இனிமேல் வருகிறவர்களுக்குக் கொடுக்க எழுதியே வைத்துவிடுகிறேன்.

அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவர். நான் மதுரையில் கட்டடக்கலை படித்தேன். நான்காம் ஆண்டில், 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை, நகோயாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாக இருந்தேன். பரிமாற்றம் என்றால் அங்கே போய்ப் பட்டம் வாங்குவது இல்லை. நம் கல்லூரியின் மாணவியாகவே இருந்துகொண்டு, ஒரு பருவமோ இரண்டு பருவமோ அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்புவது. கட்டணத்தை வழக்கம்போல இங்கேயே கட்டுகிறோம்; அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் ஒப்பந்தம் இருந்தால்தான் இது நடக்கும். ஒப்பந்தம் இல்லையென்றால் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் இந்தக் கதவு திறக்காது. ஆகவே முதல் வேலை, உங்கள் கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புகளைப் பார்க்கும் அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. என் கல்லூரியில் அது பொருள் வைப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று வருஷம் அந்த வழியாகவே போய் வந்தும் நான் கவனிக்கவில்லை.

அங்கே போய் "ஜப்பானில் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை இடம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடம்தான். ஆனால் விண்ணப்பிக்கிறவர்களும் அவ்வளவு பேர்தான் இருப்பார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஆரம்பிக்கும். நம் நாட்காட்டிக்கு அக்டோபர்தான் ஓரளவு ஒத்துவரும். அந்த அக்டோபருக்குப் போக வேண்டுமென்றால், அதற்கு முந்தைய தீபாவளி சமயத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். தை, மாசிக்குள் நம் கல்லூரி உங்கள் பெயரை அனுப்பும். சித்திரை வாக்கில் அங்கிருந்து விண்ணப்பம் வரும். ஆடி, ஆவணியில் கையில் காகிதம்.

காரணக் கடிதம்

தேர்வில் மதிப்பெண்ணைவிட வேலை செய்வது, "நான் ஏன் அங்கே வர வேண்டும்" என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதும் கடிதம்தான். நான் முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: "ஜப்பானியரின் ஒழுக்கமும் தொழில்நுட்பமும் சிறு வயதிலிருந்தே என்னைக் கவர்ந்தவை." எங்கள் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "இதையே போன வருஷமும் ஒருத்தர் எழுதினார், அதற்கு முந்தின வருஷமும் ஒருத்தர் எழுதினார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சோர்ந்துபோய் ஊருக்கு வந்த வாரம், அப்பா ஒரு பெரிய வீட்டில் பழுது பார்க்கும் வேலைக்குப் போயிருந்தார். வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட பளபளப்பான ஓடு பதித்திருப்பார்களே, அதில் நாலைந்து பெயர்ந்துவிட்டன. சாப்பாடு கொண்டுபோன என்னிடம் அப்பா ஒன்றைத் துடைத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் அச்சில் ஆங்கிலத்தில் "மேட் இன் ஜப்பான்" என்று இருந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் செய்த மஜோலிகா என்ற பளபளப்பான வண்ண ஓடுகளைப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பான்காரர்கள் அதே மாதிரி செய்யக் கற்றுக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு குறைந்தபோது அவர்கள் சரக்கு இந்தியா, மலாயா பக்கமெல்லாம் வந்து இறங்கியது. சாமி படம் போட்ட ஓடுகள்கூட நமக்கென்றே செய்து அனுப்பியிருக்கிறார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன செட்டியார்கள் வீடு கட்டியபோது, பர்மாத் தேக்கோடும் இத்தாலிச் சலவைக்கல்லோடும் இதுவும் சேர்ந்து வந்திருக்கிறது. தரையில் ஆத்தங்குடி டைல்ஸ், சுவரில் ஜப்பான் ஓடு. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற சுவர்தான்.

அதைக் கடிதமாக எழுதினேன். "உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்த பொருளைப் பற்றிப் படிக்க வருகிறேன்" என்று. ஏன் நகோயா என்ற கேள்விக்கும் விடை தானாக வந்துவிட்டது. தொகோநாமே, தாஜிமி, செத்தோ என்று மண்பாண்டத்துக்கும் ஓட்டுக்கும் பேர்போன ஊர்கள் நகோயாவைச் சுற்றித்தான் இருக்கின்றன. எல்லாம் ரயிலில் போய்வரும் தூரம்.

ஆத்தங்குடி டைல்ஸ் செய்கிறவர்கள் முதலில் கண்ணாடியை வைத்து, அதன்மேல் அச்சை வைத்து, வண்ணத்தை ஊற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் மணலும் சிமெண்டும். முகம்தான் முதலில், முதுகு பின்னால். கடிதத்தையும் அந்த வரிசையில் எழுதுங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய கோப்பை எல்லாம் முதுகு, கடைசியில் வரட்டும்.

உங்கள் பாடம் வேறாக இருக்கலாம். வேதியியல் படிக்கிறவர் காரைக்குடி செக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் தாண்டித்தானே பஸ்ஸில் போகிறீர்கள்? லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான யோஷினோ அகிரா, நகோயாவில் உள்ள மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கண்டாங்கிச் சேலை நெய்கிற வீட்டுப் பிள்ளையென்றால் கியோத்தோவின் நிஷிஜின் நெசவு இருக்கிறது. ஊருணி, வரத்துக்கால் என்று நீர் மேலாண்மை பேசலாம். காரணம் ஊருக்குள்ளேயே கிடக்கும். குனிந்து எடுக்க வேண்டியதுதான்.

பணம்

ஜாஸ்ஸோ என்று ஓர் அரசு சார்ந்த அமைப்பு பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது. நாம் நேராக விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள பல்கலைக்கழகம் பரிந்துரைக்க வேண்டும். விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுங்கள். எனக்குக் கிடைத்தது. நான் இருந்த காலத்தில் ஒரு யென் ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு காசு. அப்படியென்றால் மாதம் சுமார் 45,000 ரூபாய். விடுதிக்கு 28,000 யென், சமைத்துச் சாப்பிட 25,000, மருத்துவக் காப்பீடு, போன், ரயில் என்று எல்லாம் சேர்ந்து எனக்கு 70,000-க்குள் முடிந்தது. ஆனால் முதல் தவணை கைக்கு வர நவம்பர் ஆகிவிட்டது. இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். நான் 1,60,000 யென் மாற்றி எடுத்துப் போனேன், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து.

உதவித்தொகை கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே, தங்கும் காலம் முழுக்கச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பணம் இல்லாமல் இல்லை, ஆனால் அது சீட்டிலும் நகையிலும் கைமாற்றிலும் இருக்கும்; வங்கியில் இருக்காது. நாங்கள் சீட்டு எடுத்து 3 லட்ச ரூபாயை ஒரே நாளில் அப்பா கணக்கில் போட்டோம். உடனே அங்கிருந்து கேள்வி வந்தது: போன வாரம் வந்த இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? சீட்டுக் கம்பெனியின் ரசீது, அதற்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு, ஒரு விளக்கக் கடிதம் என்று அனுப்பி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவிடம் பொறுப்பேற்புக் கடிதமும் வாங்கிச் சமாளித்தோம். சித்தப்பா என்றால் அவர்களுக்குப் புரியாது. "தந்தையின் தம்பி" என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் போட்டு வையுங்கள். தாசில்தார் வருமானச் சான்றிதழ் தமிழில் இருந்தால் நோட்டரி கையெழுத்தோடு மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர், சி.ஓ.இ., விசா

விசாவுக்கு முன் சி.ஓ.இ. என்றொரு தகுதிச் சான்று வேண்டும். ஜப்பான் குடிவரவுத் துறை கொடுப்பது. நமக்காக அந்தப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கும்; ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். இப்போது மின்னஞ்சலிலேயே வந்துவிடுகிறது. அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் கால் வைத்தாக வேண்டும். அது வந்த பிறகுதான் விசா, தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை. சி.ஓ.இ. கையில் இருந்தால் விசா சிரமமே இல்லை. அது வருவதற்கு முன் டிக்கெட் போடாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற இனிஷியல்காரர்களுக்குப் பெயர்தான் தலைவலி. ஜப்பானியப் படிவம் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும், இனிஷியல் மட்டும் இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாது. பாஸ்போர்ட் புதிதாக எடுக்கிறவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக முழுதாக எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். விளைவு, அங்கே வருஷம் முழுக்க என்னை எல்லாரும் "முத்தையா சான், முத்தையா சான்" என்றே கூப்பிட்டார்கள் (சான் என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது). வீட்டில் அப்பா பெயரைச் சொல்லவே நாங்கள் தயங்குவோம். முதல் முறை வங்கியில் சத்தமாகக் கூப்பிட்டபோது அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

சொந்தப் பெயரும் தப்பவில்லை. வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் ல, ள, ர எல்லாம் ஒன்றுதான். வ-வும் பெரும்பாலும் ப பக்கம் சாய்ந்துவிடும். வள்ளி என்ற நான் பாரி ஆனேன். பறம்பு மலை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் பெரிதாக வருத்தப்படவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, கத்தகானாவில் உங்கள் பெயரை ஒருமுறை முடிவுசெய்து, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வங்கி, போன், காப்பீடு எல்லாவற்றிலும் அதே எழுத்தை அப்படியே எழுதுவது. ஒரு எழுத்து மாறினால் பணம் ஏறாது.

பெட்டியில் என்ன

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நகோயா. காரைக்குடியிலிருந்து திருச்சி 90 கிலோமீட்டர்தான் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

உப்புக்கண்டம் வேண்டாம். அப்பத்தா எவ்வளவு அழுதாலும் வேண்டாம். காய்ந்தது, வறுத்தது, ஊறுகாய் போட்டது என்று எந்த வடிவத்திலும் இறைச்சியை ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் காய்கறி, பழம், பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. குழம்புத் தூள், மல்லித் தூளைக் கடையில் ஒட்டிய பொட்டலமாக எடுத்துப் போங்கள். வீட்டில் திரித்ததை அவிழ்த்துக் காட்டி விளக்குவது கஷ்டம்.

மிக்ஸி எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நம் மிக்ஸி அங்கே முனகும், அரைக்காது. போன், மடிக்கணினி சார்ஜர்களில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையில்லை. தட்டையான இரண்டு முள் சொருகிக்கு ஓர் அடாப்டர் போதும். குக்கர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரைப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கடல் கடத்திப் போனால், விடுதியில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியம் அதில் சூடேறவே இல்லை. வருஷம் முழுக்க அது அரிசி டப்பாவாக இருந்தது. எவர்சில்வரில், காந்தம் ஒட்டுகிற அடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டாக்டர் எழுதிய மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போவதென்றால் முன்னனுமதி வேண்டும். இருமல் மருந்து, சளி மாத்திரைகளில் சில வகைகளை அங்கே தடை செய்தே வைத்திருக்கிறார்கள். மருந்தின் உட்பொருள் பெயரைப் பார்த்து உறுதி செய்துவிட்டுக் கட்டுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்க அப்பா ஒரு சின்ன டைல் செய்து தந்தார். பெட்டியில் கனமான பொருள் அதுதான். பிரயோஜனமான பொருளும் அதுதான்.

முதல் 14 நாள்

நகோயா விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டை அடித்துக் கையில் தருவார்கள். ஜைரியூ கார்டு என்பது பேச்சு வழக்கு. இனி வெளியே எங்கே போனாலும் அது சட்டைப்பையில் இருக்க வேண்டும், சட்டப்படி. அதே கவுண்டரில் பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கே விட்டால், பிறகு குடிவரவு அலுவலகத்தில் அரை நாள் வரிசை. வேலைக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

குடியேறிய 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்துக்கு, அதாவது குயாக்குஷோவுக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் முகவரி ஏறினால்தான் அடுத்தது எல்லாம் நகரும். வரிசை இப்படித்தான்: முகவரி, அப்புறம் போன், அப்புறம் வங்கி. நான் முதல் நாளே வங்கிக்குப் போனேன். போன் எண் கேட்டார்கள். போன் கடைக்குப் போனேன். முகவரி பதிந்த அட்டை கேட்டார்கள். அன்று மழை வேறு. தபால் நிலைய வங்கியான யூச்சோவில் மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்குவது ஓரளவு எளிது. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கப் போகிறவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடுகள் உண்டு.

வட்டார அலுவலகத்திலேயே தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுவார்கள். வருமானமில்லாத மாணவருக்கு மாதம் 2,000 யென் அளவில் வந்தது. மருத்துவச் செலவில் பத்தில் மூன்று பங்குதான் நாம் கட்டுவது. பல்வலி வந்தபோது இதன் அருமை தெரிந்தது.

அப்புறம் ஓய்வூதியம். சிரிக்காதீர்கள். 20 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் அங்கே ஓய்வூதியத் திட்டத்தில் சேர வேண்டும். நான் இருந்தபோது மாதம் சுமார் 17,000 யென். மாணவர்கள் படிவம் நிரப்பிக் கேட்டால் கட்டுவதைத் தள்ளிவைப்பார்கள் அல்லது விலக்குத் தருவார்கள். எனக்கு வந்த உறையில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அடுத்த உறை கொஞ்சம் கோபமான நிறத்தில் வந்தது. பக்கத்து அறைப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "முத்தையா சான், இது பணம் கட்டச் சொல்கிற காகிதம்" என்றாள். மாணவர்களுக்கான தள்ளிவைப்புப் படிவம் ஏப்ரலிலிருந்து மார்ச் வரைதான் செல்லும். ஏப்ரலில் மறுபடி கொடுக்க வேண்டும். புரியாத உறை எதையும் எறியாதீர்கள்.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. நகோயாவில் குப்பை பிரிப்பது விளையாட்டில்லை. அங்கே குப்பை கொட்ட இடமில்லாமல், வலசைப் பறவைகள் வந்து இறங்கும் ஃபுஜிமாயே சேற்று நிலத்தை மூடி நிரப்பத் திட்டம் போட்டிருந்தார்கள். எதிர்ப்பு வலுத்து அதைக் கைவிட்ட கையோடு, 1999 பிப்ரவரியில் நகரமே "குப்பை அவசர நிலை" அறிவித்தது. எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், காகிதம், புட்டி, டின் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை. தப்பான நாளில் வைத்தால் பையில் ஒரு சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்க. அந்தச் சேற்று நிலம் 2002-ல் ராம்சார் என்ற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வேட்டங்குடியில் கொக்குகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

மொழி

ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பிரிவில் சேர்ந்தால் ஜப்பானிய மொழி நிபந்தனை இல்லாமலும் போகலாம். இருந்தாலும் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு பல காலமாக ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறது, ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம். குறைந்தபட்சம் ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஒரு மாத வேலை.

ஆங்கிலத்தின் வழியாக ஜப்பானிய மொழியைப் படிக்காதீர்கள். தமிழ் வழியாகப் படியுங்கள். வாக்கிய வரிசை நம்முடையதுதான், வினை கடைசியில். கோரே, சோரே, ஆரே, தோரே என்பதை மனப்பாடம் செய்யத் திணறும் வேற்று நாட்டு மாணவர்களுக்கு நடுவில், எனக்கு அது இது, உது, அது, எது என்று உடனே உட்கார்ந்தது. "தபெதெ மிரு" என்றால் சொல்லுக்குச் சொல் "சாப்பிட்டுப் பார்". "கத்தெ ஒகு" என்றால் "வாங்கி வை". "வசுரெதெ ஷிமாவ்" என்றால் "மறந்துவிடு". ஆங்கிலப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருக்கும். நமக்கு ஒரு வரி போதும். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று ஓனோ சுசுமு என்ற அறிஞர் பல காலம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, பரீட்சைக்கு உதவுகிறது. சீனத்திலிருந்து வந்த கஞ்சி என்ற பட எழுத்து மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டாது.

படிப்பு

ஒரு வகுப்பு 90 நிமிடம். மாணவர் விசாவுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பு இருக்க வேண்டும் என்பதால் எங்களுக்குக் குறைந்தது ஏழு பாடம் எடுக்கச் சொன்னார்கள். வருகையைக் கண்டிப்பாகக் கணக்கெடுப்பார்கள். செமி என்று ஒரு சின்னக் குழு வகுப்பு உண்டு; பேராசிரியரும் எட்டுப் பத்து மாணவர்களும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எந்தச் செமியில் சேரலாம் என்று போவதற்கு முன்பே பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். என் ஒரு வருஷத்தில் உருப்படியான பாதி அங்கேதான் நடந்தது.

அப்பாவின் டைலை முதல் நாள் மேசையில் வைத்தேன். கண்ணாடியில்தான் இந்தப் பளபளப்பு வருகிறது, சுடுவதே இல்லை என்று சொன்னதும் எல்லாரும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் பேராசிரியரே தொகோநாமேயில் உள்ள ஓட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். பெருநிறுவனம் ஒன்று நடத்தும் இனாக்ஸ் லைவ் மியூசியம் அது. பிறகு தாஜிமியில் 2016-ல் திறந்த மொசைக் டைல் அருங்காட்சியகம். ஃபுஜிமோரி தெருனோபு என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த அது, மண்ணை வெட்டி எடுத்த மேடு மாதிரியே நிற்கும். தொகோநாமேயில் கண்ணாடிக்குப் பின்னால் மஜோலிகா ஓடுகள் வரிசையாக இருந்தன. ஊர்ச் சுவரில் பார்த்த அதே பச்சை, அதே மெரூன். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுத்தா" என்றார்.

மதிப்பீட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அங்கே எடுக்கும் பாடங்களின் பாடத்திட்டத்தைப் போவதற்கு முன்பே நம் துறைத்தலைவரிடம் காட்டி, இதற்குப் பதில் இது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்மா" என்ற வாய்வார்த்தையை நம்பி நான் போனேன். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். இரண்டு பாடங்களை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஜப்பானில் நல்ல தரம் வாங்கிய நான், ஊரில் அரியர் எழுதினேன்.

பகுதிநேர வேலை வாரம் 28 மணி நேரம் வரை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. நகோயாவில் மணிக்கு 1,000 யென்னுக்கு மேல் கிடைக்கும். நான் பிப்ரவரி, மார்ச் விடுமுறையில் மட்டும் ஒரு பெட்டிச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தேன். அந்தப் பணத்தில் அம்மாவின் சங்கிலி பாதி மீண்டது. பருவம் நடக்கும்போது வேலைக்குப் போன நண்பர்கள் காலை வகுப்பில் தூங்கினார்கள். ஒரே வருஷம்தானே, தூங்குவதற்கா போனோம்?

நடுவில் ஊருக்கு வந்து திரும்புவதென்றால், கிளம்பும்போது தரும் சீட்டில் "மீண்டும் வருவேன்" என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் விசா அன்றோடு போயிற்று.

கிளம்பும் மாதம்

வந்தபோது திறந்ததை எல்லாம் மூட வேண்டும். வட்டார அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு, மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலகல், போன், கடைசியாக வங்கி. வங்கியை முதலில் மூடிவிட்டால் கடைசி உதவித்தொகையும் விடுதி முன்பணமும் வந்து சேர இடம் இருக்காது. குடியிருப்பு அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியல் அன்றே கையில் கிடைக்காது. பருவம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் தபாலில் வரும். கல்லூரி முகவரிக்கே நேராக அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நான் வீட்டு முகவரி கொடுத்தேன். ஒட்டிய உறை பிரிக்காமல் போய்ச் சேர்ந்தால்தான் கல்லூரியில் செல்லும் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. நான் மதுரையில் இருந்த நாளில் தபால்காரர் வந்திருக்கிறார். ஜப்பான் ஸ்டாம்பைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா கத்தரிக்கோலால் பதமாக வெட்டி, காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டி, எனக்கு போன் போட்டார். மறுபடி நகோயாவுக்கு எழுதி, கட்டணம் கட்டி, இன்னொன்று வரவழைக்க ஐந்து வாரம் ஆனது.